மறுகுடியமர்வுக் குடியிருப்பில் காசநோய்: பழக்கமா, வீடா, வேலையா? எதை அளந்து காட்டுவது?

செம்பருத்தி

வணக்கம். சென்னைக்குத் தெற்கே உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் குடியிருப்போர் சங்கமும் தன்னார்வலர்களும் சேர்ந்து சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்தப் போகிறோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வரிசையில் உள்ள இடம்தான். 20 பிளாக். ஒவ்வொன்றும் தரைத்தளமும் ஏழு மாடியும், தளத்துக்கு 12 வீடு. பெரும்பாலான குடும்பங்கள் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளில் இருந்து இங்கே கொண்டுவரப்பட்டவை. ஆண்கள் பெயின்ட், கட்டட வேலை, லோடு வண்டி. பெண்களில் நிறையப் பேர் நகரத்துக்குள் வீட்டு வேலை, அலுவலக ஹவுஸ்கீப்பிங், துப்புரவுக் காண்ட்ராக்ட்.

மூன்று பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது. காசநோய், மழைக்கால வயிற்றுப்போக்கு, சுகர்-பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுவது. எந்தக் கூட்டத்தில் பேசினாலும் ஒரே பதில்: குடிப்பழக்கம், சுத்தமின்மை, அலட்சியம். வீடும் வேலையும் காரணம் என்று எங்களுக்குத் தெரிகிறது, ஆனால் காகிதத்தில் காட்ட முடியவில்லை.

கையில் 12 தன்னார்வலர்கள், 15,000 ரூபாய். எதை அளக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காற்றுவாரி

கட்டடப் பக்கத்தை நான் சொல்கிறேன். வீட்டின் சதுர அடியில் இருந்து தொடங்காதீர்கள். காசநோய்க் கிருமி காற்றில் மிதக்கிறது. ஆகவே ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

தூங்கும் அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 30.6 கன மீட்டர். 3 அடிக்கு 4 அடி தள்ளு ஜன்னல் இருக்கிறது. தள்ளு ஜன்னலில் பாதிதான் திறக்கும், அதாவது 6 சதுர அடி, 0.56 சதுர மீட்டர். வெளியே விநாடிக்கு அரை மீட்டர் மெல்லிய காற்று. எதிர்ச்சுவரிலும் இதே அளவு திறப்பு இருந்தால், உலக சுகாதார நிறுவனம் தரும் எளிய சூத்திரப்படி 0.65 × காற்று வேகம் × சிறிய திறப்பின் பரப்பு × 3600, அதை அறையின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். மணிக்கு 21 முறை வரும். எதிர்ச்சுவரில் திறப்பே இல்லை, கதவும் சாத்தியிருக்கிறது என்றால் 0.65 இருக்கும் இடத்தில் 0.025 வரும். அதே ஜன்னல், அதே காற்று, ஆனால் மணிக்கு 0.8 முறைதான். கொசுவலை அடித்திருந்தால் அதிலும் பாதி வரை போய்விடும். ஜன்னலின் அளவைவிட எதிர்த் திறப்பு முக்கியம் என்பது இதிலிருந்தே தெரியும். நடுவில் தாழ்வாரம், இருபுறமும் வீடு என்று கட்டிய பிளாக்குகளில் இல்லாமல் போவது இந்த எதிர்த் திறப்புதான்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. 120 சதுர அடிக்கு 20 சதுர அடி. ஒவ்வொரு மாதிரி வீட்டிலும் மூன்று எண்களை எழுதுங்கள்: வரைபடத்தில் உள்ள ஜன்னல் பரப்பு, உண்மையில் திறக்கக்கூடிய பரப்பு, இரவு 11 மணிக்குத் திறந்திருக்கும் பரப்பு. மூன்றாவது எண் பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும். ஏன் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொசு, கழிவுநீர் நாற்றம், பத்தடி தள்ளி எதிர் பிளாக்கில் இருந்து வீட்டுக்குள் தெரிவது, தரைத்தளத்தில் திருட்டுப் பயம். இதில் எதுவும் பழக்கம் இல்லை. அடைத்த சாக்கடையும் நிரம்பி வழியும் கழிவுநீர்த் தொட்டியும் ஜன்னலைச் சாத்த வைக்கின்றன, சாத்திய ஜன்னல் கிருமியை உள்ளே நிறுத்துகிறது. சாக்கடையை வயிற்றுப்போக்குக் கணக்கில் மட்டும் எழுதுகிறோம், காசநோய்க் கணக்கிலும் அதற்கு ஒரு வரி உண்டு.

அளக்கும் கருவி: கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள். அகச்சிவப்பு முறையில் அளப்பதுதானா என்று பார்த்து வாங்கவும். மலிவானவற்றில் பல, வேறு வாயுவை அளந்து கார்பன் டை ஆக்சைடை ஊகித்துக் காட்டுபவை, அவை வீண். முதலில் வெளியே வைத்துப் பாருங்கள், 420 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 420 பங்கு) ஒட்டி வர வேண்டும். பிறகு குடும்பம் தூங்கும் அறையில், முகத்துக்கு மிக அருகே இல்லாமல், தரையில் இருந்து மூன்றடி உயரத்தில் இரவு முழுக்க வையுங்கள். விடியற்காலை 4, 5 மணி அளவுதான் தேவை. 1000-க்குள் இருந்தால் நல்லது. 1500-ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று பொருள். அடுப்பு எரியும் நேரத்து அளவைச் சேர்க்காதீர்கள், எண் பொய்யாக ஏறும். ஒரு மீட்டரை வைத்து ஒரு மாதத்தில் 25 வீடு முடிக்கலாம். கீழ் மூன்று தளம், மேல் மூன்று தளம் சம எண்ணிக்கையில் எடுங்கள்.

மும்பை கோவண்டியில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பரேக் காம்பவுண்ட் மறுகுடியமர்வுக் கட்டடங்களைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வு, மூன்று மீட்டர் இடைவெளியில் நெருக்கிக் கட்டிய பிளாக்குகளில் வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதல் என்று காட்டியது. உங்கள் இடத்திலும் பிளாக்குகளுக்கு நடுவே டேப் வைத்து அளந்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, படம் எடுத்தால் யாரும் மறுக்க முடியாது.

வீட்டுக்குள் உடனே செய்யக்கூடியது: 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். பெட்டியில் மணிக்கு 250 கன மீட்டர் என்று போட்டிருந்தால் வலையும் தூசும் சேர்ந்து பாதிதான் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். அதுவே மணிக்கு நான்கு முறை காற்று மாற்றம். 30 வாட் ஃபேன் தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள்தான், இலவச 100 யூனிட்டில் சிறு பங்கு. ஆனால் உள்ளே வரும் காற்றுக்கு வழி விட வேண்டும். கதவுக்கு அடியில் ஒரு அங்குலம், அல்லது எதிர்ப்பக்கம் சிறு திறப்பு. வழி இல்லாவிட்டால் ஃபேன் சத்தம் போடுமே ஒழிய காற்று நகராது. ஊதுபத்தி ஏற்றிப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். கதவுக்கு மேல் லூவர் (சாய்ந்த பட்டைகள் உள்ள காற்றுத் திறப்பு) வைப்பதாக இருந்தால் தாழ்வாரத்தின் இரு முனைகளும் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகரமோ தட்டியோ வைத்து மூடியிருந்தால் ஒரு வீட்டுக் காற்றை அடுத்த வீட்டுக்குள் தள்ளும் வேலையாகிவிடும்.

---

நோய்க்கணக்கு

காற்றுவாரி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தளவாரியாக நோயாளிகளை எண்ணும்போது விழக்கூடிய குழிகளைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான தன்னார்வக் கணக்கெடுப்புகள் அங்கேதான் அடிபட்டுப் போகின்றன.

முதல் குழி, சிறிய எண். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-ல் இந்தியாவில் 1 லட்சம் பேருக்கு 195 புதிய காசநோயாளிகள். உங்கள் ஒரு பிளாக்கில் 96 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 384 பேர். அதில் ஆண்டுக்கு எதிர்பார்க்கத்தக்கது ஒருவருக்கும் குறைவு, 0.75. ஆகவே ஒரு பிளாக்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று படம் வரைந்து காட்டினால் எந்த அதிகாரியும் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். 20 பிளாக்குகளையும் சேர்த்து மூன்று ஆண்டு எடுங்கள். சராசரியாக இருந்தாலே 45 பேர் வருவார்கள். அதையும் எட்டுத் தளமாக உடைக்காமல் கீழ் மூன்று தளம், மேல் மூன்று தளம் என்று இரண்டாக ஒப்பிடுங்கள். கீழே 17, மேலே 12 என்று வந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். கீழே 28, மேலே 10 என்று வந்தால் அதை யாரும் லேசாக ஒதுக்க முடியாது.

இரண்டாவது, கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் கீழ்த்தள முன்னுரிமை தருவது வழக்கம். வயதானவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் காசநோய் வரும் வாய்ப்பே கூடுதல். ஆகவே தளவாரியாக வயதையும் சுகரையும் சேர்த்து எழுதாவிட்டால், காற்றின் பங்கையும் வயதின் பங்கையும் பிரிக்க முடியாது. 15 முதல் 54 வயது வரை உள்ளவர்களை மட்டும் தனியாக ஒப்பிட்டும் பாருங்கள். அதிலும் கீழ்த்தளம் கூடுதல் என்றால் உங்கள் வாதம் நிற்கும்.

மூன்றாவது, முகவரி. இடம் மாற்றப்பட்ட பலர் இன்னும் பழைய ஏரியா மருத்துவமனையிலேயே மருந்து வாங்குகிறார்கள். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் உள்ள பதிவும் அங்கேயே இருக்கும். இங்கே உள்ள ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் நோய் குறைவாகத்தான் தெரியும்.

நான்காவதுதான் முக்கியம். வீடு வீடாகப் போய் "உங்க வீட்ல யாருக்காவது டிபி இருக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக் கேட்க வைக்காதீர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். மாவட்டக் காசநோய் அலுவலரிடம் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாமல் பிளாக், தளம், வயது, பாலினம் மட்டும் உள்ள மொத்த எண்ணிக்கையை எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு தளத்தில் ஒருவர்தான் என்றால் அதைத் தனியாக அச்சிடாமல் பக்கத்துத் தளத்தோடு சேர்த்துப் போடுங்கள். உங்கள் ஆட்கள் கேட்க வேண்டியது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல் இவை மட்டுமே. இருக்கிறது என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு சரியில்லை என்பதால் வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்துப் பயனில்லை என்று சிலர் பேசுவார்கள். அது தவறு என்று சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956-ல் தொடங்கிய மையம். நெருக்கடியான வீடுகளில், போதிய சாப்பாடு இல்லாத நிலையில் சிகிச்சை பெற்றவர்களும், சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானதை 1959-ல் வெளியிட்டது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. காரணம், தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய மாதங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே வீடு, வேலை பற்றிய உங்கள் வாதம் யாருக்கு நோய் வருகிறது, எத்தனை தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம் என்பதற்குப் பொருந்தும். மருந்து வேலை செய்யாது என்ற இடத்துக்கு அதை நீட்டிவிடாதீர்கள்.

சாப்பாடும் உங்கள் படிவத்தில் வர வேண்டும். ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நம் ரேஷனில் அரிசிக்குக் குறைவில்லை, துவரம்பருப்பு கார்டுக்கு 1 கிலோ. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அந்த ஆய்வில் போனது 6 கிலோ. கார்டு இன்னும் பழைய முகவரிக் கடையிலேயே இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு கிலோ பருப்புக்காக 25 கிலோமீட்டர் யாரும் போக மாட்டார்கள்.

எடை, உயரம் கட்டாயம் எடுங்கள். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிய நோயாளி கிடைத்ததும் முதலில் பார்ப்பது எடைக்கும் உயரத்துக்குமான விகிதம் (பி.எம்.ஐ), கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதைத்தான். பி.எம்.ஐ 14 அல்லது அதற்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழே, தானாக நிற்க முடியவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு உடனே டாக்டர் பரிசோதிக்க வேண்டும். உங்கள் தன்னார்வலர்களுக்கு எடை மெஷினும் விரல் ஆக்சிமீட்டரும் கொடுத்தால், கணக்கெடுக்கும்போதே ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

---

செம்பருத்தி

இருவருக்கும் மிக்க நன்றி. டிபி கேள்வியைப் படிவத்தில் இருந்து எடுத்துவிட்டோம். வேலை பற்றி ஒரு சந்தேகம். சம்பளம் எவ்வளவு, என்ன வேலை என்று மட்டும்தான் வைத்திருக்கிறோம். அது போதுமா? காலை 5 மணிக்கே பெண்கள் பஸ் பிடிக்கப் போய்விடுகிறார்கள். காண்ட்ராக்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பணம் பிடிக்கிறார்கள், ஆனால் உடம்பு முடியாதபோது "உனக்கு எலிஜிபிலிட்டி இல்ல" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

---

பணிச்சீட்டு

சம்பளத் தொகையை மட்டும் கேட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும் தோழர். இவற்றையும் சேருங்கள்: வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், ஒரு நாள் போகாவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், கடைசியாக உடம்பு முடியாமல் இருந்தபோது எத்தனை நாள் கழித்து டாக்டரைப் பார்த்தார்கள். இந்தக் கடைசி எண்ணைச் சம்பள விடுப்பு உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டாலே அலட்சியம் என்ற வாதம் அடிபட்டுப் போகும்.

காலை 5 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்புகிறவர், மாலை 4 மணிக்கு மூடும் சுகாதார நிலையத்துக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். மாத்திரை இலவசம், ஆனால் அதை வாங்கக் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், ஆனால் பகலில் வந்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். 2023 ஜூனில் திறந்த 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கு வேலை நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. உங்களுக்குத் தேவை அந்த மாலை ஷிஃப்ட்தான். உங்கள் இடத்துக்கு மையம் உண்டா, மாலையில் டாக்டர் இருக்கிறாரா, சுகர் மாத்திரையை மாலையிலும் தருகிறார்களா என்று மூன்றையும் பதிவு செய்யுங்கள். மூன்றாவதில்தான் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள்.

உங்கள் கணக்கெடுப்பையும் வார நாள் பகல் 11 மணிக்கு வைக்காதீர்கள். அப்போது வீட்டில் இருப்பவர்கள் நோயாளிகளும் முதியோரும்தான். ஞாயிறு காலை, வார நாள் இரவு 8-க்கு மேல் போங்கள்.

இனி இஎஸ்ஐ. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை. தொழிலாளியிடம் 0.75 சதவீதம், வேலையளிப்பவரிடம் 3.25 சதவீதம். வைத்தியம் ஒரு பக்கம், நோய்க்கால உதவித்தொகை இன்னொரு பக்கம். அந்தத் தொகை சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் செல்லும். காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டலாம். ஆனால் இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டு வேலையில் இருந்து, நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாளாவது கட்டியிருக்க வேண்டும்.

உங்கள் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். காண்ட்ராக்டர் மாறும்போது புதியவர் பழைய 10 இலக்க எண்ணை வாங்காமல் புது எண் போட்டுவிடுகிறார். ஆறு ஆண்டாக ஒரே கட்டடத்தில் ஒரே தரையைத் துடைத்திருந்தாலும், கணினியில் அவர் நான்கு மாதத் தொழிலாளி. 78 நாள் இரண்டு எண்களில் சிதறிவிடும், 156 நாள் கனவிலும் வராது. ஆகவே படிவத்தில் எத்தனை இஎஸ்ஐ எண் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கட்டாயம் வையுங்கள். இரண்டு இருந்தால் ஆதார் நகல், இரண்டு அட்டை, பழைய சம்பளச் சீட்டோடு கிளை அலுவலகத்தில் எண்களை இணைக்க மனு கொடுக்க வேண்டும். நோய் வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். காண்ட்ராக்டர் பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்பது சட்டம். மனுவில் கட்டடத்தின் பெயரையும் எழுதுங்கள், காண்ட்ராக்டர் பெயரை மட்டும் எழுதினால் ஆள் கிடைக்க மாட்டார்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. 2007-ல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியம் உண்டு, பதிவு செய்யுங்கள், ஆனால் நோய்க்கால ஊதியத்துக்கு அது ஈடாகாது. காசநோயாளிக்கு நிக்ஷய் உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் இருந்து 1000 ரூபாய். தினக்கூலி 600 ரூபாய் வாங்குகிறவருக்கு அது இரண்டு நாள் சம்பளம்கூட இல்லை. மருந்து தொடங்கிய முதல் சில வாரம் வீட்டில் இருங்கள் என்று சொல்கிறோம். அந்த வாரங்களுக்கு வாடகையும் அரிசியும் யார் தருவது என்று சொல்வதில்லை. இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

---

குழாயடி

வயிற்றுப்போக்குக்கு என் பங்கு. நான்கு இடத்தில் குளோரின் பாருங்கள்: தண்ணீர் வளாகத்துக்குள் நுழையும் குழாய், கீழ்நிலைத் தொட்டி, மொட்டைமாடித் தொட்டி, வீட்டுக் குழாய். குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப் பெட்டி சில நூறு ரூபாய்தான். சொட்டு விட்டதும் 10 விநாடிக்குள் வரும் மஞ்சளைத்தான் படிக்க வேண்டும். நேரம் ஆக ஆக நிறம் ஏறும், அது கழிவோடு சேர்ந்துவிட்ட குளோரினையும் சேர்த்துக் காட்டும். வெயிலில் வைத்துப் பார்க்கக் கூடாது. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், நோய் பரவும் நாட்களில் 0.5.

நுழையும் இடத்திலேயே பூஜ்யம் என்றால் விநியோகிப்பவர் பொறுப்பு. அங்கே 0.5 இருந்து கீழ்நிலைத் தொட்டியில் காணாமல் போனால், தொட்டியில் கசிவு, அல்லது பக்கத்தில் உள்ள கழிவுநீர்த் தொட்டியில் இருந்து ஊறல். தொட்டி வரை சரியாக இருந்து வீட்டில் இல்லை என்றால் செங்குத்துக் குழாயில் உடைப்பு. பிளாக்கின் சுவரோடு தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒட்டி இறங்குகின்றனவா, தாவர வேர் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த இடத்தில் குளோரின் மறைகிறதோ அந்த இடத்துக்கு யார் பொறுப்போ அவர்கள் பெயர் உங்கள் மனுவில் வர வேண்டும்.

தண்ணீர் விடும் முதல் பத்து நிமிடத்திலும், பிறகு ஒரு முறையும் மாதிரி எடுங்கள். தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இல்லாததால் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுபடும். விட்டு விட்டு வரும் விநியோகத்தின் கோளாறே இதுதான். அடி பம்பையும் நேரடி மோட்டாரையும் வைத்து இழுத்தால் இன்னும் மோசம். அதுவரைக்கும் 20 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தொட்டிக்கு என்றால் 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் பாதிகூட இருக்காது, தேதி பாருங்கள்.

---

மொட்டைமாடி

கீழ்த்தளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மேல்தளத்துக்கு வேறு நோய். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவில்தான் சூட்டை வீட்டுக்குள் விடுகிறது. பத்து மணிக்கு ஒரு சாதாரண வெப்பமானியை ஏழாம் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் ஒரே நேரத்தில் வைத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, ஆகவே இந்த எண்களுக்கு இப்போது மதிப்பு உண்டு. கூரைக்கு வெள்ளைப் பூச்சு கேட்கலாம்.

லிஃப்ட் நின்ற நாட்களை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நான்கு பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர் என்றால் 15 லிட்டர்க் குடத்தில் 14 நடை. தண்ணீர் மேலே ஏறாத நாளில் லிஃப்டும் இல்லை என்றால் அதைச் சுமப்பது பெண்கள்தான். கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர், மூட்டு வலிக்காரர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று சேர்த்து எழுதினால், தளம் மாற்றித் தரக் கேட்பதற்குப் பட்டியல் தயாராகிவிடும்.

இன்சுலின் போடுபவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், நிழலில் வைக்க வேண்டும். மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள், தண்ணீர் படக் கூடாது. சுவரலமாரியில் கிடந்து சூடான இன்சுலின் வேலை செய்யாமல்தான் பலருக்குச் சுகர் இறங்குவதில்லை. டாக்டர் அளவைக் கூட்டுவதற்கு முன் மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்பது நல்லது.

---

நோய்க்கணக்கு

செம்பருத்தி, கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மொத்த அறிக்கையையும் ஒரே மனுவாகக் கொடுத்தால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்தவரைக் கைகாட்டும். பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுங்கள். ஜன்னல், லிஃப்ட், தொட்டி, கூரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. குளோரின் அட்டவணை தண்ணீர் விநியோகிப்பவருக்கு. மாலை மருத்துவ நேரமும் காசநோய் எண்ணிக்கையும் பொதுச் சுகாதாரத் துறைக்கு. இஎஸ்ஐ எண் சிக்கல் கிளை அலுவலகத்துக்கு. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011 விரிவாக்கத்தில் மாநகராட்சிக்குள் வந்தவை. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சியாக நிர்வகிக்கப்பட்ட இடம், ஆகவே அங்கே சுகாதாரப் பணியாளர் எண்ணிக்கையும் சாக்கடை பொறுப்பும் மாநகராட்சிக் கணக்கில் வராது. உங்கள் பிளாக்குகள் எந்த எல்லைக்குள் என்பதைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதி, ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழை தொடங்கும் முன் ஒரு முறையும், டிசம்பரில் ஒரு முறையும் குளோரினையும் கார்பன் டை ஆக்சைடையும் அதே வீடுகளில் அளந்தால், இரண்டாவது மனுவில் ஒப்பிட்டுக் காட்ட எண் இருக்கும்.